உயர்தர வினாத்தாள்களின் கடினமும் போக்கும்: வன்னியிலிருந்து ஒரு வாசிப்பு

க.பொ.த. உயர்தரப் பரீட்சை நடைபெறும் வாரங்களில், கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் என்னிடம் படித்த பிள்ளைகள் தொலைபேசியில் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே சாயலில் இருக்கும். "சேர், கெமிஸ்ற்றி இந்த முறை லேசாம், அப்ப இசட் கூடுமோ?" என்று ஒருவர் கேட்பார். "பிசிக்ஸ் சரியான கஷ்டம் சேர், எங்கட பட்ச் முழுக்க இசட் குறையுமோ?" என்று இன்னொருவர் கேட்பார். வினாத்தாள் இலகுவாக வந்தால் எல்லோருக்கும் நன்மை, கடினமாக வந்தால் எல்லோருக்கும் தீமை என்ற எண்ணமே இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இருக்கிறது. அந்த எண்ணம் பிழையானது. ஆனால் அது பிழை என்று சொல்லிவிட்டு நிறுத்தினால் வன்னிப் பிள்ளைகளுக்கு அரைவாசி உண்மையைத்தான் சொன்னவராவோம்.

முதலில் பிழையான பாதியைப் பார்ப்போம். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அனுமதிக்காக எடுத்துக்கொள்வது இசட் புள்ளியையே. ஒருவர் பெற்ற மூலப் புள்ளியை அல்ல. 2001ஆம் ஆண்டிலிருந்து இதுதான் நடைமுறை. ஒரு பாடத்துக்குத் தோற்றிய எல்லோருடைய புள்ளிகளின் சராசரியை ஒருவரின் புள்ளியிலிருந்து கழித்து, வரும் விடையை அப்பாடத்தின் நியம விலகலால் (புள்ளிகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு பரந்திருக்கின்றன என்பதன் அளவால்) வகுத்தால் அப்பாடத்துக்கான இசட் கிடைக்கிறது. மூன்று பாடங்களின் இசட் பெறுமானங்களின் சராசரியே இறுதி இசட் புள்ளி. மழை பொய்த்த பெரும்போகத்தில் ஒருவர் ஏக்கருக்கு எத்தனை மூடை எடுத்தார் என்பதை, அதே போகத்தில் அதே வாய்க்காலின் கீழ் விதைத்த மற்ற வயல்களோடு ஒப்பிட்டுத்தானே மதிப்பிடுகிறோம், இதுவும் அப்படித்தான். விளங்குவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: பௌதிகவியலின் சராசரி 32, நியம விலகல் 16 என்றும், இரசாயனவியலின் சராசரி 50, நியம விலகல் 20 என்றும் வைத்துக்கொள்வோம். பௌதிகவியலில் 64 எடுத்தவருக்கு இசட் 2 கிடைக்கும். இரசாயனவியலில் 70 எடுத்தவருக்கோ 1 மட்டுமே கிடைக்கும். வீட்டில் கொண்டாடப்படும் புள்ளி 70 ஆக இருக்கலாம், ஆனால் அனுமதிக்குக் கைகொடுப்பது 64.

எனவே ஒரு வினாத்தாள் நாடு முழுவதற்கும் ஒரே அளவில் கடினமாக இருந்தால் அந்தக் கடினம் கணக்கிலேயே கரைந்துவிடுகிறது. இந்தக் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பதை 2011ஆம் ஆண்டு காட்டியது. அந்த ஆண்டு புதிய பாடத்திட்டத்தில் முதற்தடவையாகத் தோற்றியவர்களும் பழைய பாடத்திட்டத்தில் மீண்டும் தோற்றியவர்களும் வெவ்வேறு வினாத்தாள்களுக்கு விடை எழுதினார்கள். ஆனால் இசட் புள்ளி இரு தொகுதியினரையும் ஒன்றாகக் கலந்து கணிக்கப்பட்டது. வழக்கு உயர்நீதிமன்றம் சென்று, 2012இல் அந்தக் கணிப்பு செல்லாது என்று தீர்ப்பானது. இரு தொகுதியினருக்கும் வேறுவேறாகக் கணிக்க வேண்டியதாயிற்று. அந்த ஆண்டு வன்னியிலிருந்து முதற்தடவை தோற்றியவர்கள், 2009இல் செட்டிகுளம் முகாம்களில் கூடாரங்களுக்குள் இருந்த வயதினர். அனுமதிக்குத் தேவையான ஆகக்குறைந்த இசட் புள்ளியான வெட்டுப்புள்ளிக்காக அவர்கள் கூடுதலாகக் காத்திருந்த மாதங்களை எந்தச் சூத்திரமும் ஈடுசெய்யவில்லை.

இனி, சொல்லப்படாத மற்றப் பாதி. சராசரியால் கரைவது எல்லோருக்கும் பொதுவான கடினம் மட்டுமே. ஆய்வுகூடம் உள்ள பாடசாலைக்கு இலகுவாகவும் இல்லாத பாடசாலைக்குக் கடினமாகவும் இருக்கும் ஒரு வினா, சராசரியோடு கரையாமல் அப்படியே பிள்ளையின் தலையில் இறங்குகிறது. மாவட்ட ஒதுக்கீடு இதில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது என்பது உண்மை. அகில இலங்கைத் திறமை அடிப்படையில் 40 வீதமும், மாவட்டங்களின் சனத்தொகை அடிப்படையில் 55 வீதமும், கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 வீதமும் என்பதே பொதுவான பங்கீடு. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் நான்கும் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் உள்ளன. ஆனால் முல்லைத்தீவு போன்ற சனத்தொகை குறைந்த மாவட்டத்துக்கு மருத்துவத்திலும் பொறியியலிலும் கிடைக்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அத்தோடு மூன்று பாடத்திலும் குறைந்தது எஸ் (சாதாரண) சித்தியாவது இருக்க வேண்டும். இரண்டு பாடங்களில் நல்ல இசட் பெற்று மூன்றாவதில் எஃப் (சித்தியின்மை) வாங்கிய பிள்ளைக்கு எந்த ஒதுக்கீடும் உதவாது. எங்கள் பக்கத்தில் கைநழுவிப் போகும் அனுமதிகளுள் இந்த வகையே அதிகம் என்பது என் எண்ணம். ஆகவே "எந்தப் பாடம் கஷ்டம்" என்பதற்குப் பதிலாக "எந்தப் பாடத்தில் எந்த வகை வினா எங்கள் பிள்ளைக்கு மட்டும் கஷ்டம்" என்று கேட்பதே பயன் தரும்.

பௌதிகவியலை எடுத்துக்கொள்வோம். முதலாம் வினாத்தாளில் 50 பல்தேர்வு வினாக்கள், 2 மணித்தியாலம். ஒரு வினாவுக்கு 2 நிமிடமும் சில விநாடிகளும்தான், கணிகருவிக்கு அனுமதியும் இல்லை. இரண்டாம் வினாத்தாளின் ஏ பகுதியில் 4 அமைப்புக் கட்டுரை வினாக்கள், நான்குக்கும் விடை எழுத வேண்டும். பி பகுதியில் 6 கட்டுரை வினாக்களுள் 4. உயர்தர விஞ்ஞானப் பாடங்களுக்குத் தனியான செய்முறைப் பரீட்சை கிடையாது; அந்த இடத்தை இந்த ஏ பகுதிதான் நிரப்புகிறது. பொறியியலில் (விசை, இயக்கம் பற்றிய அலகில்) ஒன்று, வெப்பத்தில் ஒன்று, அலை அல்லது ஒளியியலில் ஒன்று, மின்னியலில் ஒன்று என்று, பெரும்பாலும் பாடத்திட்டத்தில் குறித்த பரிசோதனைகளை ஒட்டியே வினாக்கள் அமைகின்றன.

அந்த வினாக்களின் போக்கைக் கவனியுங்கள். பனிக்கட்டியின் உருகலின் தன் மறைவெப்பம் காணும் பரிசோதனையில் சூத்திரத்தை எழுதச் சொல்வது சிறு பகுதிதான். நீரை ஏன் அறை வெப்பநிலையிலும் சில பாகை கூடுதலாகச் சூடாக்கித் தொடங்குகிறோம், அதே அளவு பாகை கீழே சென்றதும் ஏன் நிறுத்துகிறோம், பனிக்கட்டியைப் போடுமுன் ஏன் ஒற்றுத்தாளால் துடைக்கிறோம், கலோரிமானியின் வெளிப்புறத்தில் நீர்த்துளி படிந்தால் விடை எப்பக்கம் பிழைக்கும் என்றவாறு வினா நகர்கிறது. அழுத்தமானி (மின்னழுத்தங்களை ஒப்பிடும் கம்பிக் கருவி) வந்தால், தொடுசாவியைக் கம்பியில் உரசி இழுக்கக்கூடாது என்பதற்கும், சமநிலைப் புள்ளியை நெருங்கும்வரை கல்வனோமானியோடு உயர் தடையைத் தொடரில் வைப்பதற்கும் காரணம் கேட்பார்கள். ஒருமுறை கையால் செய்தவருக்கு இவை வினாக்களே அல்ல; செய்யாதவருக்கு ஒவ்வொன்றும் மனப்பாடம் செய்ய வேண்டிய தனித்தனி வசனம். மனப்பாடம் செய்தவரும், வினா சற்றே திரும்பி, கம்பியின் நீளத்தை இரட்டித்தால் உணர்திறனுக்கு என்ன ஆகும் என்று கேட்டவுடன் நின்றுவிடுகிறார்.

வன்னியில் உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள் குறைவு. அவற்றுள்ளும், போரில் அழிந்து மீளக் கட்டிய ஆய்வுகூடங்களில் கட்டடம் இருக்கும், கருவி இருக்காது. கருவி இருந்தால் பௌதிகவியல் ஆசிரியர் இடமாற்றம் கேட்டுப் போயிருப்பார். துணுக்காய், மடு, வவுனியா வடக்கு போன்ற வலயங்களில் இது புதுச் செய்தியன்று. இதற்கெல்லாம் திணைக்களம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். ஒரு மீற்றர் அளவுகோல் பொருத்திய பலகை, நைக்குரோம் கம்பி, இரண்டு மின்கலம், ஒரு மலிவான பல்மானி இருந்தால் தடைகளை ஒப்பிடும் மீற்றர்ப் பாலம் கையில் இருக்கிறது. முல்லைத்தீவில் மீன்வாடிகளுக்கு வரும் ஐஸ் கட்டியில் ஒரு துண்டு கேட்டால் யாரும் மறுப்பதில்லை. அலுமினியக் கோப்பையும் ஒரு வெப்பமானியும் சேர்ந்தால் மறைவெப்பப் பரிசோதனை ஒரு பின்னேர வேலை. விடை புத்தகப் பெறுமானத்துக்கு வராது. ஏன் வரவில்லை என்று பேசுவதுதான் அமைப்புக் கட்டுரை வினா.

பௌதிகவியலின் பி பகுதியிலும் ஒரு மாற்றம் தெரிகிறது. அலகுகள் வரும் இடம் ஏறத்தாழ நிலையானது: 9ஆம் வினா ஓட்ட மின்னியல் அல்லது இலத்திரனியல், 10ஆம் வினா வெப்பம் அல்லது சடமும் கதிர்ப்பும் என்று தெரிவு இருக்கும். ஆனால் வினா தொடங்கும் விதம் நீண்டுவிட்டது. மருத்துவக் கருவியோ வாகனமோ வானியல் நிகழ்வோ பற்றிய விவரணத்தை வாசித்து, அதற்குள் எந்தத் தத்துவம் ஒளிந்திருக்கிறது என்று பிடித்த பிறகே கணக்குத் தொடங்குகிறது. இது வாசிப்புச் சோதனையும் கூட. இரண்டாம் வினாத்தாளுக்கு மேலதிகமாகத் தரப்படும் 10 நிமிட வாசிப்பு நேரத்தை எங்கள் பிள்ளைகள் பலர் முதலாம் வினாவைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதிலேயே கழிக்கிறார்கள். பி பகுதியின் ஆறு வினாக்களையும் வாசித்து எந்த நான்கு என்று தீர்மானிப்பதற்கே அது தரப்படுகிறது. இன்னொன்று: பௌதிகவியலின் சராசரி கணிதப் பிரிவு, உயிரியற் பிரிவு என்று பிரிக்கப்படாமல் அப்பாடத்துக்குத் தோற்றிய எல்லோரையும் சேர்த்தே கணிக்கப்படுகிறது. மருத்துவம் நோக்கிய பிள்ளை "நமக்கு உயிரியல்தான் முக்கியம்" என்று பௌதிகவியலை ஒதுக்குவது, தன் போட்டியாளர்கள் பலரும் சறுக்கும் இடத்திலேயே தானும் சறுக்கத் தீர்மானிப்பதாகும். அங்கே பத்துப் புள்ளி கூட எடுத்தால் அது உயிரியலில் எடுக்கும் பத்துப் புள்ளியைவிடப் பெறுமதியாக அமைய இடமுண்டு.

இணைந்த கணிதத்தின் சிக்கல் வேறு. வினாவின் இடம் இந்த அளவுக்கு நிலையாக உள்ள பாடம் வேறொன்றில்லை. முதலாம் வினாத்தாளின் ஏ பகுதியில் கணிதத் தொகுத்தறிவு, மட்டுச் சமனிலி, சிக்கலெண், ஈருறுப்பு விரிவு, எல்லை, தொகையீட்டாற் பரப்பளவு அல்லது கனவளவு, பரமான வடிவில் தந்த வளையி, நேர்கோடு, வட்டம், திரிகோண கணிதம் என்ற ஒழுங்கு ஆண்டுதோறும் பெரிதாக மாறுவதில்லை. பி பகுதியில் 11 இருபடிச் சமன்பாடும் பல்லுறுப்பியும், 12 சேர்மானமும் தொடரும், 13 தாயமும் சிக்கலெண்ணும், 14 வகையீடும் வரைபும், 15 தொகையீடு, 16 நேர்கோடும் வட்டமும், 17 திரிகோண கணிதம். இரண்டாம் வினாத்தாளில் 13 என்றால் எளிமை இசை இயக்கம், 16 என்றால் திணிவு மையம், 17 என்றால் நிகழ்தகவும் புள்ளிவிபரவியலும் என்று தரம் 13 பிள்ளை தூக்கத்திலும் சொல்லும். அப்படியிருந்தும் கணிதப் பிரிவில் பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

அலகு தெரிந்திருப்பதும் வினாவை முடிப்பதும் வேறு என்பதே காரணம். 150 புள்ளிக்குரிய ஒரு வினா, ஐந்தாறு படிகள் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் நீண்ட தொடர்; இரண்டாவது வரியில் ஒரு குறி மாறினால் மீதி முழுவதும் சாய்ந்துவிடும். இங்கே கஷ்டம் என்பது பெரும்பாலும் சாதாரண தரத்து அட்சரகணிதத்தின் பலவீனம்தான். பழைய கணக்குகளைப் பார்த்து எழுதும் பழக்கத்தால் அது மறைந்து கிடந்து, மண்டபத்தில் வெளிப்படுகிறது. ஒவ்வொரு வினாத்தாளும் 1000 புள்ளி: ஏ பகுதியின் பத்து வினாக்களுக்குத் தலா 25, பி பகுதியில் ஏழில் ஐந்துக்குத் தலா 150. ஏ பகுதியை முழுமையாகவும் பி பகுதியில் இரண்டு வினாக்களை முழுமையாகவும் செய்தவருக்கு 550 வந்துவிடுகிறது. ஏ பகுதியையும் பி பகுதியின் ஐந்து வினாக்களையும் தொட்டு எல்லாவற்றையும் பாதியில் விட்டவர் அதைவிட அதிக வினாக்களைத் தொட்டிருப்பார், குறைவாகப் பெற்றிருப்பார். இரண்டாம் வினாத்தாளின் 17ஆம் வினாவைப் பற்றி ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். இயக்கவியலும் நிலையியலும் பிடிபடாத பிள்ளைக்குக்கூட அது எட்டும். ஆனால் பாடத்திட்டத்தின் கடைசியில் இருப்பதால் பாடசாலையில் கடைசித் தவணையில் அவசரமாக ஓட்டப்படுகிறது, சில இடங்களில் "வீட்டில் பாருங்கோ" என்று விடப்படுகிறது. அதை இரண்டாம் தவணைக்குள் படிப்பித்து முடிக்குமாறு நான் கணித ஆசிரியர்களிடம் கேட்பதுண்டு. கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

இரசாயனவியலில் பல்தேர்வின் பின்பகுதியே பொறி. 31 முதல் 40 வரை நான்கு கூற்றுகளுள் எவை சரி என்று குறிமுறைப்படி தெரிவு செய்யும் வகை. 41 முதல் 50 வரை இரண்டு கூற்றுகளைத் தந்து, இரண்டாவது முதலாவதைச் சரியாக விளக்குகிறதா என்று கேட்கும் வகை. மூன்று கூற்றுகளை உறுதியாகத் தெரிந்து ஒன்றில் தடுமாறினாலும் அந்த வினா போய்விடுகிறது. பல்தேர்வு வினாத்தாள் மொத்தப் புள்ளியின் பாதி என்பதால் இந்த இருபது வினாக்களின் எடை சிறிதன்று. இரண்டாம் வினாத்தாளின் பி பகுதியில் பௌதிக இரசாயனம் ஓங்கியிருக்க, சி பகுதியில் சேதன மாற்றங்கள், அசேதனப் பகுப்பாய்வு, கைத்தொழிலும் சூழலும் வருகின்றன. கடைசி இரண்டு அலகுகளை மனப்பாடம் என்று இகழ்ந்து ஒதுக்கும் பிள்ளைகள் சமநிலைக் கணக்கில் அரை மணித்தியாலம் மூழ்கிக் கிடப்பதை நான் கண்டிருக்கிறேன்.

உயிரியலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னாலே போதும். 2017இல் தரம் 12இல் தொடங்கி 2019இல் முதற்பரீட்சை கண்ட பாடத்திட்டத்தோடு, தேசிய கல்வி நிறுவகத்தின் வளநூல்களே வினாவுக்கும் புள்ளித்திட்டத்துக்கும் அளவுகோலாகிவிட்டன. கட்டுரைக்கான புள்ளித்திட்டம் குறிப்புக் குறிப்பாக அமைந்தது. அழகான முன்னுரைக்குப் புள்ளி இல்லை, சரியான தகவலுக்கு உண்டு. வளநூல் தமிழில் இணையத்தில் கிடைப்பதால், ஆசிரியர் வெற்றிடம் உள்ள பாடசாலையின் பிள்ளையும் மூன்று விஞ்ஞானப் பாடங்களுள் தானாகவே அதிகம் முன்னேறக்கூடியது இதுதான். கலைப் பிரிவும் வர்த்தகப் பிரிவும் எனக்குப் பழக்கமான களமல்ல. 2013இல் தொடங்கிய தொழினுட்பப் பிரிவில், தொழினுட்பத்துக்கான விஞ்ஞானம் என்ற பாடத்தைக் கலைப் பிரிவுக்கு மாற்றாக நினைத்து எடுக்கும் பிள்ளைகள், அதிலுள்ள கணிதத்தையும் பௌதிகவியலையும் கண்டு திகைக்கிறார்கள் என்பதை மட்டும் அறிவேன்.

போக்கு என்றவுடன் எங்கள் ஊர்களில் நினைவுக்கு வருவது எதிர்பார்க்கை வினாத்தாள். பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது யாழ்ப்பாணத்திலிருந்து பிரதி எடுத்து வரும் அந்தத் தாள்களுக்கு மாங்குளத்திலும் ஒட்டுசுட்டானிலும் இருக்கும் மதிப்பு வியப்பானது. தொண்டைமானாறு வெளிக்கள நிலையத்தின் தவணைப் பரீட்சைகளையும், மொறட்டுவைப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் நடத்தும் முன்னோடிப் பரீட்சையையும் இதோடு சேர்த்து நான் குறை சொல்லவில்லை; அவை நேரத்துக்கு எழுதும் பயிற்சி, எதிர்வுகூறல் அல்ல. எதிர்பார்க்கைத் தாள் சொல்வதெல்லாம் எந்த அலகு வரும் என்பதையே. கணிதத்தில் அது ஏற்கெனவே எல்லோருக்கும் தெரியும், பௌதிகவியலிலும் பெருமளவு தெரியும். தெரியாதது வினா எப்பக்கம் திரும்பும் என்பது. அதை யாரும் விற்க முடியாது.

இதைவிட நல்ல பொருள் இலவசமாகக் கிடக்கிறது. பரீட்சைத் திணைக்களம் பாடவாரியாக வெளியிடும் மதிப்பீட்டு அறிக்கைகளில், ஒவ்வொரு பல்தேர்வு வினாவுக்கும் எந்த விடையை எத்தனை வீதத்தினர் தெரிவு செய்தார்கள், கட்டுரைப் பகுதியில் எந்த வினாவை எத்தனை வீதத்தினர் எடுத்தார்கள், எடுத்தவர்கள் எவ்வளவு பெற்றார்கள் என்பவை வரைபுகளோடு இருக்கும். பெரும்பாலானோர் எடுத்த வினாவிலேயே பெரும்பாலானோர் குறைந்த புள்ளி பெற்றதையும், சிலரே எடுத்த வினாவில் நல்ல புள்ளி குவிந்ததையும் அங்கே காணலாம். பிழையான ஒரு விடையை அதிகம் பேர் தெரிவு செய்திருந்தால், அந்த அலகில் நாடு முழுவதற்கும் பொதுவான ஒரு மயக்கம் இருக்கிறது என்று பொருள். உங்கள் வகுப்பும் அதே இடத்தில் விழுந்ததா, வேறிடத்தில் விழுந்ததா என்று ஒப்பிட்டுப் பார்த்தால், பொதுவான கடினம் எது, நமக்கு மட்டுமான கடினம் எது என்பது பிரிந்துவிடும். முன்னையது சராசரியில் கரைந்து போகும், பின்னையதுக்குத்தான் சனிக்கிழமை வகுப்பு வைக்க வேண்டும்.

காலநிலையையும் ஒரு போக்காகவே சேர்க்க வேண்டியுள்ளது. முன்பு ஓகஸ்ட் மாதத்தில், வன்னியின் வறண்ட நாட்களில் நடந்த பரீட்சை, கொரோனாவுக்குப் பின் ஆண்டின் தொடக்கத்துக்குத் தள்ளிப்போய், பிறகு 2024இல் நவம்பருக்கு வந்தது. நவம்பர் என்றால் எங்களுக்கு வடகீழ்ப் பருவமழை, குளங்கள் வான்பாயும் காலம். 2024இல் நவம்பர் 25ஆம் திகதி தொடங்கிய பரீட்சை வெள்ளத்தால் இடைநிறுத்தப்பட்டு டிசம்பர் 4ஆம் திகதிதான் மீண்டும் தொடர்ந்தது. நாடு முழுவதற்கும் பொதுவான ஒத்திவைப்பு என்றாலும், அந்த நாட்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்த பிள்ளைக்கும் மாடி வீட்டில் மீட்டல் செய்த பிள்ளைக்கும் அது ஒன்றல்ல.

எந்த ஆண்டிலிருந்து கடந்தகால வினாத்தாள் செய்வது என்று கேட்பவர்களுக்கு: உயிரியலில் 2019இலிருந்து தொடங்குங்கள், அதற்கு முந்தியவற்றில் வளநூலோடு ஒத்துப்போகும் பகுதிகளை மட்டும் எடுங்கள். பௌதிகவியலின் அமைப்புக் கட்டுரை வினாக்களில் எவ்வளவு பின்னோக்கிப் போனாலும் பயனுண்டு, ஏனெனில் பரிசோதனைகள் பெரிதாக மாறவில்லை. இரசாயனவியலின் 31 முதல் 50 வரையான வினாக்களை ஆண்டுவாரியாக அல்லாமல் அலகுவாரியாகப் பிரித்துச் செய்யுங்கள். இணைந்த கணிதத்தில், தூய கணிதமும் பிரயோக கணிதமும் தனித்தனிப் பாடங்களாக இருந்த 2000க்கு முந்திய தாள்கள் அருமையானவை. ஆனால் ஏ பகுதியின் பத்து வினாக்களை ஒரே இருப்பில், புத்தகத்தைத் திறக்காமல் முடிக்க வந்த பிறகே அவற்றை எடுங்கள்.